தட்டை மூடிப் பெட்டி

கிறிஸ்டியானியா
9 பிப்ரவரி 1879

அன்புள்ள குரோவுக்கு,

கடவுள் புண்ணியத்தில் தலைநகர் வந்து சேர்ந்துவிட்டேன். நீயும் நம் பிள்ளை சோண்ட்ரேயும் தொழுவத்து ஜீவன்களும் சுகம்தானே? பனிவண்டியில் நான்கு நாள் உட்கார்ந்து வந்ததில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. மற்றபடி குறையில்லை.

இந்த வருஷமும் அதே விதவை வீட்டில்தான் அறை. கூட இருப்பவரும் அதே ஓமுண்ட்தான், மேற்குக் கரை விவசாயி, போன வருஷம் உனக்கு உலர்மீன் கொடுத்தனுப்பினாரே அவர். அவர் விடும் குறட்டையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. நாடாளுமன்றத்தில் என் நாற்காலியையும் மாற்றவில்லை. ஒன்பது வருஷமாக உட்கார்ந்து, அதில் என் உடம்பின் பள்ளமே விழுந்திருக்கிறது.

மசோதா இந்த முறை குழுவுக்குப் போகிறது. அதிகாரி ஒருவன் ஊருக்குள் வந்தால், உழுதுகொண்டிருந்தாலும் அறுத்துக்கொண்டிருந்தாலும் போட்டுவிட்டுக் குதிரையும் ஆளும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும். நமக்குக் கல்யாணமான வருஷம் புல் காய்ந்துகொண்டிருந்த அன்று ஒருவனை மலை தாண்டி ஏற்றிப்போனேன், திரும்பி வருவதற்குள் எல்லாம் மழையில் அழுகிக் கிடந்தது, நினைவிருக்கிறதா? அன்று பிடித்த பிடிவாதம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியது.

சோண்ட்ரே கிறிஸ்துமஸில் கேட்ட விஷயத்துக்கு நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். நிலத்தை அவன் பெயருக்கு எழுத எனக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் நிலப்பதிவில் எவன் பெயர் இருக்கிறதோ அவனுக்குத்தான் வாக்கு. வாக்கு உள்ளவன்தான் தேர்தலில் நிற்க முடியும். இப்போது எழுதிக் கொடுத்தால் இலையுதிர் காலத்துத் தேர்தலில் என் பெயரே இருக்காது, மசோதா அநாதையாகிவிடும். ஜூன் கடைசியில் யோவான் திருநாளுக்கு வருவேன். அதற்குப் பிறகு நிதானமாகப் பேசலாம் என்று அவனிடம் சொல்.

உன்
யெர்முண்ட் பிரெக்கெ

•

பிரெக்கெ
24 பிப்ரவரி

என் அன்பான யெர்முண்டுக்கு,

கடிதம் வந்தது, முழங்கால் விவரம் அறிந்தேன். பெட்டியின் அடியில் கரடிக் கொழுப்பு வைத்திருக்கிறேன், தேடாமல் "குரோ வைக்கவில்லை" என்று ஓமுண்டிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இங்கே எல்லோரும் சுகம். சிவப்புப் பசு கன்று போட்டது, கிடாரி.

நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். "நிலத்தைப் பத்தி யோவான் திருநாளுக்கு அப்புறம் பேசலாம்னு அப்பா எழுதியிருக்கார்டா" என்றேன்.

"எந்த வருஷத்து யோவான் திருநாள்னு எழுதலியா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு இருபத்தொன்பது நடக்கிறது. மலைக்கு அந்தப்புறம் இங்கெரி நாலு வருஷமாகக் காத்திருக்கிறாள். போன ஞாயிறு கோயில் வாசலில் அவள் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் குரோ, என் பொண்ணுக்கு நரை விழுந்தப்புறம்தான் முடி பின்னி அழைச்சுக்கிட்டுப் போவீங்களா?" என்றாள். ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்காது. நிலம் கைமாறி நாம் ஓரத்து வீட்டுக்கு நகர்ந்தால்தான் அவள் இந்த அடுப்பங்கரைக்கு வர முடியும். ஊர் வழக்கம் அதுதானே. என் அப்பாவும் உங்களுக்கு அப்படித்தான் கொடுத்தார்.

போன வாரம் வரி அதிகாரி வந்தார். குதிரைக் கட்டாயம் நம் முறை. சோண்ட்ரே பனியில் இரண்டு நாள் போய்வந்தான். வழியில் அவர், "உங்கப்பா மன்றத்துல அப்படி என்னதான் பண்றார்?" என்று கேட்டாராம். "ஐயா நடந்து போறதுக்கு வழி பண்றார்" என்று இவன் சொன்னானாம்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. சோண்ட்ரே கொட்டகையில் ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்திருக்கிறான். பெரிய பெட்டி. நல்ல தேவதாரு.

உங்கள்
குரோ

•

கிறிஸ்டியானியா
8 மார்ச்

அன்புள்ள குரோவுக்கு,

உன் கடிதம் கண்டு நிம்மதியானேன். கரடிக் கொழுப்பு இருந்தது; முழங்காலுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. உனக்கு இருமல் வரும் மாதம் இது, கழுத்தைச் சுற்றிக் கம்பளி போட்டுக்கொள்.

பெட்டி செய்கிறான் என்று படித்ததும் ஓமுண்டிடம் காட்டினேன். "மணப்பெட்டி வந்துட்டா மணப்பொண்ணு பின்னாலேயே வந்துடுவா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாப்பிள்ளையே பெட்டி செய்கிறான் என்றால் காத்திருக்கத் தயார் என்றுதானே அர்த்தம்? கோபம் இருந்தால் மரத்தில் கை வைப்பானா? மூடியை நன்றாக வளைத்து, உன் அம்மா பெட்டி போல மேடாகச் செய்யச் சொல். பூ வரைய நான் இங்கிருந்து நல்ல நீலச் சாயம் வாங்கி வருகிறேன்.

ஓமுண்டிடம் நம் சிக்கலைச் சொன்னேன். அவர் கேட்டதுமே ஒரு வழி வைத்திருந்தார்.

"நிலத்தைப் பையனுக்கு எழுதிடு. எங்கயாவது ஒண்ணுக்கும் ஆகாத சதுப்பு நிலம் ஒரு துண்டு உன் பேர்ல போட்டுக்கோ. பதிவுல நிலம்னு இருந்தா போதும்யா, அதுல தவளை இருக்கா தானியம் இருக்கான்னு எவன் பார்க்கிறான்?"

முடியாது என்று சொல்லிவிட்டேன். இதே மன்றத்தில் இரண்டு வருஷம் முன்பு, வாக்குக்காகச் சதுப்பு வாங்கும் இந்தச் சேற்றுப் பண்ணையார்களை எதிர்த்து முக்கால் மணி நேரம் பேசியவன் நான். காலில் சேறு பட்டவனெல்லாம் நிலக்காரன் ஆகிவிட முடியாது என்று சொன்னேன், பத்திரிகையில் வந்தது. இப்போது நானே போய்ச் சேற்றில் நின்றால் வக்கீல் கூட்டம் என்னைப் பார்த்து ஆயுள் முழுக்கச் சிரிக்கும். இன்னும் ஒரே தேர்தல். மசோதா நிறைவேறட்டும்.

உன்
யெர்முண்ட் பிரெக்கெ

•

பிரெக்கெ
25 மார்ச்

அன்பானவருக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். இருமல் வந்து போய்விட்டது.

பெட்டி விஷயம் சொன்னேன். மூடியைத் தட்டையாகத்தான் போட்டிருக்கிறான். வளைத்தால் மேலே வேறு எதுவும் வைக்க முடியாதாம். எட்டு மூலைக்கும் இரும்புப் பட்டை வேண்டும் என்று கொல்லனிடம் போய்வந்தான். நீலச் சாயம் வேண்டாம் என்கிறான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை, வாங்கி வாருங்கள்.

நான் மூன்று நாளாகத் தட்டை ரொட்டி சுடுகிறேன். இங்கெரியும் வந்து கூடச் சுட்டாள். மாவு தேய்க்கும் கட்டையை அவள் பிடிக்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. என் கைக்கும் அவள் கைக்கும் ஒரு வித்தியாசம் இல்லை. ஒரு ஆள் உயரத்துக்கு இரண்டு அடுக்கு ஆகிவிட்டது. "இன்னும் வேணுமா அத்தை?" என்று கேட்டாள். "இருக்கட்டும், கெடாது" என்றேன். பிறகு இருவருக்கும் புகை கண்ணில் பட்டுவிட்டது, கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றோம்.

சதுப்பு யோசனை எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. தவளைக்குக் கூடப் பதிவு கேட்கிற நாடு இது. நீங்கள் பேசினதை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்தான். சிரிக்கட்டுமே. சிரிப்பால் யாருக்கும் காலும் கையும் போய்விடவில்லை.

ஒன்று கேட்கிறேன். உயிர்ப்புத் திருநாளுக்கு நாலு நாள் வந்துபோக முடியுமா? மன்றத்துக்கு விடுமுறைதானே? நான் இத்தனை வருஷத்தில் உங்களை வா என்று எழுதியதில்லை. இந்த முறை எழுதுகிறேன்.

உங்கள்
குரோ

•

கிறிஸ்டியானியா
4 ஏப்ரல்

அன்புள்ள குரோவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன். அப்படி ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது. இல்லை என்றால் இந்த முறை மன்னித்துவிடு. திருநாள் வாரத்தில்தான் குழுவின் தலைவர் ஊரில் இருக்கிறார், அந்த வாரத்தில்தான் ஒவ்வொரு ஷரத்தாக எழுத வேண்டும். நான் எழுந்துபோனால் அதிகாரிகளின் ஆட்கள் மசோதாவைக் குடல் உருவிவிட்டு உரித்த தோலை என் கையில் கொடுப்பார்கள்.

களைப்பாக இருக்கிறது, குரோ. பேசிப் பேசி நாக்கு மரத்துவிட்டது. இங்கே ஒருவன் எழுந்து ஒன்றைச் சொல்ல அரை மணி ஆகிறது. அதே நேரத்தில் நான் ஒரு வேலி போட்டிருப்பேன். சில நாள் உட்கார்ந்தபடியே ஏர் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்கிறேன். யாராவது வாக்கெடுப்பு என்று தட்டி எழுப்புகிறார்கள்.

ரொட்டி இரண்டு அடுக்கு என்றால் பெரிய கல்யாணம்தான் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நல்லது. மூன்று நாள் விருந்து வைப்போம். ஆனால் பெட்டிக்கு எதற்கு இரும்புப் பட்டை? இங்கெரி வீட்டிலிருந்து நம் வீட்டுக்கு ஒரு மலை இறங்க வேண்டும், அவ்வளவுதான். இவன் எதையும் அதிகப்படியாகத்தான் செய்வான். தட்டை மூடி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மணப்பெட்டிக்கு அது பாங்காக இருக்காது என்று சொல்.

உன்
யெர்முண்ட் பிரெக்கெ

•

பிரெக்கெ
16 ஏப்ரல்

யெர்முண்டுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் சுகமாக இருங்கள்.

திருநாள் முடிந்தது. கோயிலில் உங்கள் இடத்தில் சோண்ட்ரே உட்கார்ந்தான். பனி உருகுகிறது. சீக்கிரம் கரையட்டும் என்று வடக்கு வயலில் சாம்பல் தூவிவிட்டான். ஓரத்து வீட்டின் கூரைப் புல்லைப் பிரித்துப் புதிதாகப் போட்டான். பரம்புக்கு எல்லாப் பற்களும் புதிது. இரண்டு குளிர்காலத்துக்கு விறகு பிளந்து அடுக்கிவிட்டான். "எதுக்குடா இவ்வளவு?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு முழங்கால் முடியாதுல்ல" என்றான்.

நான் சொல்லக்கூடாது என்று ஒன்று இருக்கிறது. கோயில் பாட்டுப் புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொல்லி வாங்கின வாக்கு. அதனால் அதைச் சொல்லவில்லை. எனக்குச் சொந்தமான ஒன்றைச் சொல்கிறேன்.

உங்கள் அப்பா என் அப்பாவின் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். ஒரு நாளும் வாக்குப் போட்டதில்லை. உங்களுக்கு வாக்கு வந்தது என்னைக் கட்டியதால். பிரெக்கெ என்ற பெயரே இந்த மண்ணோடு வந்ததுதான். இருபத்தெட்டு வயதில் என் அப்பா உங்களை நம்பி எழுதிக் கொடுத்தபோது, "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று அவர் சொல்லவில்லை. முப்பது வருஷமாக இதை நான் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். இப்போது வலிக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

நிலம் இல்லாமல் போனால் மறுபடியும் பண்ணையாள் மகன் ஆகிவிடுவோம் என்று பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரியும். கோபத்தில் எழுதியது என்று ஒதுக்காமல் யோசியுங்கள். சீக்கிரம் யோசியுங்கள்.

குரோ

•

கிறிஸ்டியானியா
30 ஏப்ரல்

அன்புள்ள குரோவுக்கு,

நான் சுகம். உன் சுகத்தைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் மன்றத்தில் எழுந்து பேச வேண்டிய இடத்தில் வார்த்தை வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். நீ சொன்னது உண்மை. என் அப்பா தேர்தல் நாளில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சாலை ஓரமாக நிற்பார், வாக்குப் போடுகிறவர்களுக்கு வழிவிட்டு. அந்த ஓரத்துக்குத் திரும்பிப் போவதாகக் கனவில் கூட வரும் எனக்கு. யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஓமுண்டும் நானும் நேற்று முன்தினம் ஒரு வேலையாக வக்கீல் வீட்டுக்குப் போய்வந்தோம். அவர் சாட்சி. திரும்பி வரும்போது, "இப்பத்தான்யா நீ நடக்கிற மாதிரி நடக்கிற" என்றார். கடிதத்தில் எழுத மாட்டேன். இதையெல்லாம் எழுதக்கூடாது, கையில் கொடுத்து முகத்தைப் பார்க்க வேண்டும். மசோதா வாக்கெடுப்பு மே மாதம் பத்தொன்பது. அது முடிந்ததும் கிளம்பி வருகிறேன், யோவான் திருநாள் வரை காத்திருக்க மாட்டேன். சோண்ட்ரேயிடம் இவ்வளவு மட்டும் சொல்: அப்பா ஒரு நல்ல செய்தியோடு வருகிறார், கொஞ்சம் பொறு என்று.

நீலச் சாயம் வாங்கிவிட்டேன்.

உன்
யெர்முண்ட்

•

கிறிஸ்டியானியா
20 மே

அன்புள்ள குரோவுக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இருக்கிறாயா? விதைப்பு வேலை என்று நினைத்துக்கொள்கிறேன்.

மசோதா நேற்று தோற்றது. நான்கு வாக்கில். அடுத்த வருஷத்துக்கு மறுபடி எடுக்கலாம் என்று ஆறுதல் சொல்கிறார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில் இதே வார்த்தையைக் கேட்டேன். ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

வரவு செலவு விவாதம் முடியாமல் விடமாட்டோம் என்கிறார்கள். கையில் கொடுக்கலாம் என்று கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், இனி பொறுக்க முடியவில்லை. இத்துடன் இருப்பது நிலப் பத்திரம். பிரெக்கெ முழுவதும், மலைமேய்ச்சலோடு, சோண்ட்ரேயின் பெயருக்கு. நமக்கு ஓரத்து வீடு, இரண்டு பசு, உருளைக்கிழங்குக்கு ஒரு துண்டு, கோயிலுக்குப் போகக் குதிரை. வழக்கப்படிதான், அதிகம் கேட்கவில்லை. அவன் கையெழுத்துப் போட்டுப் பதிவாளரிடம் கொடுத்தால் போதும்.

சதுப்பு எதையும் நான் வாங்கவில்லை. தேர்தல் நாளில் ஓரமாக நின்று பார்ப்பேன். என் அப்பா நின்றாரே.

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என் ஆசி.

உன்
யெர்முண்ட்

•

பிரெக்கெ
28 மே

யெர்முண்டுக்கு,

பத்திரம் நேற்று வந்தது. பாதிரியார் படித்துக் காட்டினார். நன்றாக எழுதியிருக்கிறது, ஒரு பிழையும் இல்லை என்றார். தேதி ஏப்ரல் 28.

சோண்ட்ரேயும் இங்கெரியும் மே ஒன்பதாம் தேதி போய்விட்டார்கள். அமெரிக்காவுக்கு. கப்பல் கரையை விடும்வரை உங்களுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தான். "பயந்து கொடுத்தா எனக்கு வேண்டாம்மா. கொடுக்கணும்னு தோணிக் கொடுத்தா வாங்கிக்கறேன்" என்றான். பிப்ரவரியிலிருந்து அதை வாயில் வைத்துக்கொண்டு உங்களுக்கு ரொட்டிக் கதையும் பெட்டிக் கதையும் எழுதினேன். கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்களாம், அதனால் தட்டை மூடி. தூக்கி எறிவார்களாம், அதனால் இரும்பு. நீங்கள் மணப்பெட்டி என்று எழுதியதும் எனக்குக் கை ஓடவில்லை. புரிந்துகொள்வீர்கள், புரிந்துகொண்டு ஓடி வருவீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் பார்த்தேன். முன்பக்கம் "சோண்ட்ரே பிரெக்கெ, நார்வே" என்று எழுதினான். உள்ளூர்ப் பெட்டிக்கு யார் நாட்டின் பெயரை எழுதுவார்கள்?

கல்யாணம் பாதிரியார் வீட்டுக் கூடத்தில், ஐந்தாம் தேதி. எட்டுப் பேர்.

உங்கள் ஏப்ரல் கடிதம் ஏழாம் தேதி வந்தது. நான் ஓடிப்போய்க் கொட்டகையில் அவனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்பா ஒரு நல்ல செய்தியோட வரார்டா, பொறுக்கச் சொல்றார்" என்றேன். அவன் ஆணி அடிப்பதை நிறுத்திக் கேட்டான். பிறகு, "அப்பாவோட நல்ல செய்தி என்னன்னு எனக்குத் தெரியாதா? மசோதா குழுவுல தேறியிருக்கும்" என்றான். மறுபடி அடிக்க ஆரம்பித்தான். வக்கீல், சாட்சி என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அதை நான்தான் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை. அதுவும் மசோதா வேலைதான் என்று நினைத்துவிட்டேன். அது என் தப்பு. ஒரே ஒரு வரி நீங்கள் எழுதாதது உங்கள் தப்பு.

கிறிஸ்டியானியா துறைமுகத்திலிருந்து இங்கெரி ஒரு சீட்டு எழுதியிருந்தாள். பதினைந்தாம் தேதி இருவரும் மன்றத்தின் எதிரே போய் நின்றார்களாம். நீங்கள் படி இறங்கிக்கொண்டு யாரிடமோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினீர்களாம். "போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றாளாம் இவள். "வேலையா இருக்கார், விடு" என்றானாம்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத ஆசை. இன்னும் இருக்கிறது.

குரோ

•

பிரெக்கெ
3 மார்ச் 1880

அன்பான யெர்முண்டுக்கு,

சுகமாக மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் அதிகம், ஆனால் விறகுக்குக் குறைவில்லை.

மீண்டும் உங்களையே தேர்ந்தெடுத்ததைப் பற்றி எல்லோரும் என்னிடம் பெருமையாகப் பேசுகிறார்கள். மறுத்திருக்கலாமே என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பதிவில் உங்கள் பெயர்தானே இருக்கிறது. இந்த வீட்டில் கோடை முழுவதும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டதை நினைத்தால், நீங்கள் கிளம்பியது நல்லதுதான் என்று எனக்கும் தோன்றுகிறது. தப்பாக நினைக்காதீர்கள்.

மினசோட்டாவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கெரிக்குப் பெண் பிறந்திருக்கிறாள். குளிர்காலத்தை மண்வீட்டில்தான் கழித்தார்களாம். தரையெல்லாம் கருப்பு மண், ஒரு கல் கூடத் தட்டுப்படவில்லை, அப்பா பார்த்தால் நம்ப மாட்டார் என்று எழுதியிருக்கிறான். இந்த வசந்தத்தில் இன்னும் பத்து ஏக்கர் தரிசு உடைப்பானாம். அவன் எழுத்தில் சந்தோஷம் இருக்கிறது. நான் தேடித் தேடிப் பார்த்தேன், இருக்கிறது.

கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறான். "கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்த கடிதத்துல அப்பா எழுதின அந்த நல்ல செய்தி என்னம்மா? இங்கெரி அடிக்கடி கேக்கிறா. எனக்கும் சில நாள் நினைப்பு வருது."

பத்திரம் என் அம்மாவின் பெட்டியில்தான் இருக்கிறது. அதைச் சொல்லவா? சொன்னால் நீங்கள் கொடுக்கத் துணிந்தீர்கள் என்று அவனுக்குத் தெரியும். உங்களை மன்னித்துவிடுவான். ஆனால் ஆணி அடிப்பதை நிறுத்தி நின்றானே, அந்த நிமிஷத்தை அவன் ஆயுள் முழுக்கச் சுமப்பான். அந்தக் கருப்பு மண்ணில் ஒரு நாளும் முழு மனசோடு ஏர் வைக்க மாட்டான். சொல்லாவிட்டால் உங்களைத் திட்டிக்கொண்டு நன்றாக இருப்பான்.

எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. அது உங்கள் பத்திரம். உங்கள் பதில் வந்த பிறகுதான் அவனுக்கு எழுதுவேன்.

உங்கள்
குரோ

•

கிறிஸ்டியானியா
12 மார்ச் 1880

அன்புள்ள குரோவுக்கு,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை ஓமுண்டிடம் சொன்னேன், அவர் அறைக்கே கேக் வாங்கி வந்துவிட்டார். நீ சுகமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. முழங்கால் பழையபடிதான்.

நீ கேட்டதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். அன்று அந்தப் படியில் யாரிடம் கையை ஆட்டிப் பேசினேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. மன்ற விஷயமாகத்தான் இருக்கும்.

என் மகன் என்னை மன்னிக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். பத்திரத்தை அடுப்பில் போட்டுவிடு. பெண்ணுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேள். முதல் உழவு ஆழமாகப் போக வேண்டாம், நான்கு விரல் போதும் என்று நீயே சொல்வது போலச் சொல்.

அந்த நல்ல செய்தி என்னவென்று கேட்டானே. மசோதா குழுவில் தேறியது, அதுதான் என்று எழுது.

உன்
யெர்முண்ட்